இரும்பூரார் காட்டிய ஊர்

அவருக்கு ஒரு பேர் இருந்தது. சம்பளத் துண்டில் கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் மொன்ட்ரியாலில் எங்கள் சனத்துக்கு அவர் இரும்பூரார்தான். யாழ்ப்பாணத்தில் நீங்கள் எந்தக் கோயிலடி என்று யாராவது கேட்டால், "அது கிடக்கட்டும், இரும்பூரிலை ஒரு மணிக்கூடு இருக்கு, கேள்விப்பட்டனீங்களோ?" என்று தொடங்குவார். அரை மணித்தியாலம் கழித்து, கேட்டவருக்குத் தான் என்ன கேட்டேன் என்பதே மறந்துபோயிருக்கும்.

இரும்பூர் ரஷ்யாவில் இருக்கிற ஒரு பட்டினம். இரும்பு உருக்குகிற ஊர். அதன் சரியான பேரை அவர் பலதரம் சொல்லித்தான் பார்த்தார். எங்களில் ஒருவருடைய நாக்கும் அதற்கு வளையவில்லை. பிறகு அவரே பாவம் பார்த்துத் தமிழில் ஒரு பேர் வைத்துத் தந்தார். கனடாவுக்கு வருகிற வழியில், ஏஜென்சிக்காரன் அவரையும் இன்னும் பதினொரு பேரையும் அங்கே ஒரு இரண்டறை வீட்டில் கொண்டுபோய் அடைத்தானாம். "வெளியிலை தலை காட்டினால் பொலிஸ் பிடிக்கும். இரண்டு கிழமையிலை வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் பத்து மாதம் கழித்து வந்தான். பதினொரு பேரும் தலை காட்டவில்லை. இவர் மூன்றாம் நாள் உப்பு வாங்க வெளிக்கிட்டு, பொழுதுபட வந்து சேர்ந்தார். உப்பு கொண்டுவரவில்லை.

இந்தக் கதையை முதன்முதல் கேட்டபோது நான் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணை, பொலிஸ் பிடிக்கேல்லையோ?"

"தம்பி, கையிலை ஒரு கோவா இருக்கவேணும்" என்றார், முட்டைக்கோசின் பருமனைக் கையால் காட்டி. "கோவாவோடை போறவனை உலகத்திலை ஒரு பொலிசும் மறிக்காது. அவன் வீட்டை போறான், சமைக்கப் போறான். அவனிட்டை என்னத்தைக் கேக்கிறது?"

வீட்டுக்காரக் கிழவி தன் செத்துப்போன புருசனின் கோட்டையும் மயிர்த்தொப்பியையும் கொடுத்தாளாம். அதைப் போட்டுக்கொண்டு, ஒரு நூல் பைக்குள் கோவாவை வைத்துக்கொண்டு ஊர் பார்த்திருக்கிறார். ஒரே கோவாவோடு மூன்று கிழமை. கடைசி நாட்களில் அது மணக்கத் தொடங்கி, ட்ராமில் ஆட்கள் எழும்பி இடம் விட்டார்களாம். "நல்ல மரியாதை" என்றார்.

அவருடைய நோய் இதுதான்: எல்லாரும் பார்க்கிற ஒன்றைப் பார்க்கமாட்டார். இரும்பூரிலும் ஒரு பெரிய சதுக்கம், ஒரு வெண்கலச் சிலை, ஒரு அழகான தேவாலயம் எல்லாம் இருந்தனவாம். "அதுகள் எங்கயும் இருக்கு" என்று கையை வீசிவிடுவார். அவர் சொல்லுகிற இடங்கள் வேறு. தொழிற்சாலை வாசலில் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிற மணிக்கூடு. வேலைக்குப் பிந்தக்கூடாது என்று யாரோ முடுக்கிவிட, முழு ஊரும் அதைப் பார்த்துப் பார்த்துத் தன் மணிக்கூடுகளைத் திருத்தி, ரஷ்யாவைவிட ஐந்து நிமிடம் முந்தியே வாழ்ந்ததாம். மண்வெட்டி பிடித்த ஒரு தொழிலாளி சிலை. மண்வெட்டி எப்போதோ உடைந்துபோக, தெருக் கூட்டுகிற மனிசி ஒவ்வொரு நாளும் வேலை முடிய அதன் கையில் தன் விளக்குமாற்றைச் செருகிவிட்டுப் போவாளாம். அடுத்தது ஆணிகளுக்கு ஒரு மியூசியம். நான்கு மண்டபம், நான்கும் ஆணி. இவர் ஒருத்தர்தான் பார்க்க வந்தவர். ஒரு கிழவி முன்னால் போய் ஒரு மண்டபத்துக்கு லைட் போடுவாளாம், இவர் பார்த்து முடிய அதை நூர்த்துவிட்டு அடுத்ததுக்கு ஓடுவாளாம். "எனக்காக லைட் போட்ட ஒரே நாடு அது" என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும். உடனே சமாளித்துக்கொண்டு, மூன்றாம் மண்டபத்து ஆணி ஒன்றின் நீளத்தைக் கையால் காட்டுவார். ஒவ்வொரு தரமும் அது வளர்ந்துகொண்டு போனது.

நான் அவரைக் கண்டது மொன்ட்ரியால்-நோரில், ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுக்கிற இடத்தில். நான் மடிக்கிறவன். அவர் வான் வண்டியில் கொண்டுபோய் இறக்குகிறவர். பாரம் கூடின நாட்களில் என்னையும் ஏற்றிவிடுவார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிரெஞ்சில் ஒரு பலகை கண்டாலே அது என்னைத்தான் எதற்கோ தடுக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அடுப்பை நிற்பாட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்ட என்னை ஏற்றிக்கொண்டு, முதல் நாளே ஒரு பாலத்தின் நடுவில் வானை நிற்பாட்டிவிட்டார்.

"அண்ணை, இஞ்சை நிப்பாட்டேலாது!"

"அங்கை பார், அந்த சைலோவை. எண்பது வருசமாய்க் கோதுமை மணம். கண்ணாடியை இறக்கு."

"பின்னாலை ஹோர்ன் அடிக்கிறாங்கள்!"

"அவங்களும் பார்க்கட்டும்."

அந்த வேலையில் நான் மூன்று வருடம் இருந்தேன். நெடுஞ்சாலைத் தூண்களின் அடியில் யாரோ வளர்க்கிற தக்காளித் தோட்டம், சீனி ஆலைக்குப் பின்னால் காற்றே இனிக்கிற ஒரு தெரு, மெத்ரோவின் காற்று மேலே வருகிற இரும்புக் கிராதி ஒன்று – மாசியில் அதன்மேல் நின்றால் கோட்டுக்குள் யாரோ ஊதிவிட்ட மாதிரி இருக்கும் – எல்லாம் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் எங்களைப் பிடிக்கப்போகிறார்கள் என்று பயந்தபடி பார்த்தேன். ஒருவரும் பிடிக்கவில்லை. என்றாலும் அடுத்த தரமும் பயந்தேன்.

இனி என் கலியாணம்.

எனக்கு முப்பத்திநாலு வயது. வில்லரேயில் அக்கா வீட்டில் இருந்தேன். மூன்று சம்பந்தம் வந்து போய்விட்டது. "பெடியன் ஊமையோ" என்று ஒரு பகுதி நேராகவே கேட்டதாம். நாலாவதாக டொரொண்டோவில் ஒரு பிள்ளை. அவர்கள் ஆவணியில் மாதா திருவிழாவுக்கு பஸ் பிடித்து இங்கே வருகிறார்கள். எங்கள் சனம் இதை நன்றாகச் செய்யும்: திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்து, மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போவது. சரிவந்தால் மாதாவின் கிருபை, சரிவராவிட்டால் திருவிழாவுக்குத்தானே வந்தோம்.

அக்கா எல்லாம் திட்டம் போட்டாள். சனிக்கிழமை காலை சூசையப்பர் மலைக்கோயில், அங்கே மெழுகுதிரி, பிறகு பழைய துறைமுகம், பன்னிரண்டரைக்கு வீட்டில் சாப்பாடு. ஒரேயொரு குறை, வான் இரும்பூராருடையது. அவருடைய சொந்த வான், சாம்பல் நிறம், பின்கண்ணாடியில் எப்போதும் தூசி.

நான் வெள்ளிக்கிழமை அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அண்ணை, நாளைக்கு மட்டும். சூசையப்பர் கோயில். துறைமுகம். வேறை ஒண்டும் வேண்டாம்."

"எனக்குத் தெரியாதே? உன்ர வாழ்க்கை."

"பெண்ணின்ர தகப்பன் சரியான பயந்த மனிசனாம். ஊர் சுத்துற பெடியன் வேண்டாம் எண்டு அக்காவிட்டை முதலே சொன்னவராம்."

"அந்தோனியார் ஆணை" என்றார் இரும்பூரார்.

அந்தோனியார் பேரில் இட்ட ஆணை காலை பத்து மணி வரைக்கும் நின்றது. கோயிலுக்குத் திரும்ப வேண்டிய சிக்னலில், பின்னால் மூன்று பேரும் அமைதியாக இருந்தார்கள். தகப்பன் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தாய் காஞ்சிபுரம் சீலையில். பிள்ளை யன்னலால் வெளியே பார்த்தபடி. இரும்பூரார் கண்ணாடியால் அவர்களைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"ஐயா, ஆவணியிலை ஸ்னோ பார்த்திருக்கிறியளோ?"

"ஆவணியிலையோ?"

"அஞ்சே நிமிசம்" என்றார், வானை மற்றப் பக்கம் திருப்பியபடி.

சென்-மிஷேல் பக்கத்தில், வீடுகளுக்கு நடுவில், ஒரு பழைய கல்லுக்குழி இருக்கிறது. மாரி முழுக்க ஊர்த் தெருக்களில் வழிக்கிற ஸ்னோவை லொறி லொறியாக அதற்குள் கொண்டுவந்து கொட்டுவார்கள். அது மலையாகிவிடும். கோடை முழுக்க உருகினாலும் முடியாது. கம்பி வேலிக்கு இங்கால் நின்று பார்த்தோம். தார் பூசின மாதிரி ஒரு கறுத்த மலை. உச்சியில் கடற்காகங்கள். அடியில் சேற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரிக் குளிர், முதுகில் ஆவணி வெயில்.

"இது என்ன குப்பை மேடோ?" என்றார் தாய், சீலையை இழுத்துச் செருகியபடி.

"ஸ்னோ அம்மா! அசல் ஸ்னோ! போன மார்கழியிலை விழுந்தது!" இரும்பூரார் தன் பேரப்பிள்ளையைக் காட்டுகிறவர் மாதிரிக் காட்டினார்.

நான் மனதுக்குள் அந்தச் சம்பந்தத்தை அடக்கம் செய்துவிட்டேன். தகப்பன் வேலிக் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். பிறகு சொன்னார்:

"இந்தக் கறுத்த ஸ்னோவை நான் முந்திக் கண்டனான்."

தாய் திரும்பிப் பார்த்தார்.

"வாற வழியிலை. ரஷ்யாவிலை. என்ன ஊர் எண்டு தெரியாது, சொல்லேல்லை. எட்டு மாசம் ஒரு அறைக்குள்ளை இருந்தனான். வெளியிலை போகக்கூடாது எண்டு சொன்னாங்கள், நான் போகேல்லை. ஒரு யன்னல். யன்னலுக்கு வெளியிலை இப்பிடி ஒரு கும்பி."

"இவ்வளவு காலம் என்னட்டைச் சொல்லேல்லையே" என்றார் தாய்.

"சொல்ல என்ன இருக்கு? ஒண்டும் பார்க்கேல்லை."

இரும்பூராருக்கு முகமே வேறாகிவிட்டது. தகப்பனின் முழங்கையைப் பிடித்துவிட்டார். "ஐயா, கும்பிக்கு அங்காலை என்ன? புகைக்குழாய் இருந்ததோ?"

"இருந்தது. சிவப்பு வளையம் போட்டது."

"இரண்டு வளையம்!"

"இரண்டோ மூண்டோ..."

"இரண்டு! தகரம் சுத்தின பெரிய பைப் ஒண்டு றோட்டுக்கு மேலாலை வளைஞ்சு போகும், அதிலை பூனைகள் இருக்கும்!"

"ஓம்! பூனைகள்! ஒரு செம்மறிப் பூனை!" தகப்பன் கத்தினார். செம்மஞ்சள் என்று சொல்ல வந்திருக்கிறார். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரும்பூரார் ஓடிப்போய் வானின் பின்கண்ணாடித் தூசியில் விரலால் கீறத் தொடங்கினார். இது புகைக்குழாய். இது பைப். இது ட்ராம். இது உங்கட வீடு, இந்த யன்னல். "ஐயா, உங்கட வீட்டுக்குப் பின்பக்கம் என்ன இருந்தது தெரியுமோ? குளம்! தொழிற்சாலைச் சுடுதண்ணி வந்து விழுற குளம். நடு மாரியிலையும் உறையாது. ஆவி பறக்கும். சனம் உள்ளுடுப்போடை நீந்தும், பக்கத்திலை தாராக் கூட்டம் செட்டை அடிச்சு நீந்தும், கரையிலை முழங்கால் அளவு ஸ்னோ!"

"குளமோ?" என்றார் தகப்பன். "எவ்வளவு தூரம்?"

"நூறு யார் தூரம்."

"நூறு யாரோ!" தலையில் கையை வைத்தார். அழப்போகிறாராக்கும் என்று நான் கைக்குட்டையைத் தேடினேன். அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "எட்டு மாசம்! நான் வாளித் தண்ணியிலை குளிச்சனான்! பின்னுக்குச் சுடுதண்ணிக் குளம்!"

"வாங்கோ, போய்ப் பார்ப்பம்" என்றார் இரும்பூரார்.

"எங்கை?"

"இப்ப நாங்கள் உங்கட படியாலை இறங்குறம். கவனம், மூண்டாம் படி உடைஞ்சு கிடக்கு."

தகப்பன் மூன்றாம் படியைத் தாண்டினார். சத்தியமாகத் தாண்டினார், நடைபாதையில். இரண்டு பேரும் வேலி ஓரமாக நடக்கத் தொடங்கினார்கள். மூலையில் ஒரு ஹெயிட்டிக்காரரின் மரக்கறிக் கடை. இரும்பூரார் உள்ளே போய் ஒரு கோவாவோடு வெளியே வந்து, தகப்பன் கையில் கொடுத்தார். "இனி ஒருத்தனும் மறிக்கமாட்டான்." கோவாவை நெஞ்சோடு அணைத்தபடி அந்த மனிதர் சென்-மிஷேல் தெருவில் இரும்பூருக்குள் போனார். தாய் காஞ்சிபுரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நில்லுங்கோ, நானும் வாறன், ட்ராம் எந்தப் பக்கம்?" என்று பின்னால் ஓடினார்.

நானும் பிள்ளையும் வானடியில் தனித்துவிட்டோம். என் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா. மெழுகுதிரி கொளுத்தியாச்சோ என்று கேட்கத்தான்.

பிள்ளை தூசியில் கீறியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அப்பா வேலைக்குப் போவார், கோயிலுக்குப் போவார், வீட்டை வருவார்" என்றது. "பார்க்குக்குக்கூட வரமாட்டார். உங்களுக்குத் தெரியுமோ, இந்த அண்ணை குளம் எண்டு சொல்லுறது உண்மையோ?"

எனக்குத் தெரியும். பயந்தவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். குளத்தைப் பற்றி இரும்பூரார் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்: ஆற்றுக்கு அங்கால், பாண் போடுகிற தொழிற்சாலைக்குப் பக்கத்தில், இரண்டு ட்ராம் மாறிப் போகவேண்டும். புகைக்குழாயடியில் அல்ல. அது போக, சிவப்பு வளையம் போட்ட குழாயும் கறுத்த ஸ்னோவும் ரஷ்யாவில் எத்தனை ஊரில் இருக்குமோ. அந்த மனிதர் இருந்தது இரும்பூரே இல்லாமலும் இருக்கலாம்.

உண்மை என்று சொன்னால், கட்டப்போகிற பிள்ளைக்கு நான் சொல்லுகிற முதல் வார்த்தையே பொய். இல்லை என்று சொன்னால், அதோ கோவாவோடு போகிற மனிதர் திரும்பவும் அந்த அறைக்குள் போய்விடுவார். என் கலியாணமும் அதோடு போய்விடும்.

"குளம் இருக்கு" என்றேன். "அது நிச்சயம். ஆனால் நூறு யார் எண்டது... எனக்கு அவர் முந்தி வேறை மாதிரிச் சொன்னவர். ஆத்துக்கு அங்காலை எண்டு. அது அதே ஊர்தானோ எண்டும் எனக்குச் சொல்லத் தெரியேல்லை." பிறகு இன்னும் பயந்து, "என்னைக் கேட்டால் எல்லாத்திலையும் சந்தேகம்தான் சொல்லுவன். நான் அப்பிடியான ஆள். வரேக்கை அடுப்பை நிப்பாட்டினனானோ எண்டு இப்பவும் யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

மூன்று சம்பந்தத்திலும் சேர்த்து நான் அவ்வளவு கதைத்ததில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். முதல் தரம் நேராகப் பார்த்தாள். பிறகு தூரத்தில் தகப்பனைப் பார்த்தாள். அவர் ஒரு தீயணைப்புக் குழாயின் முன்னால் நின்று இரும்பூராரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். இரும்பூரார் அதைச் சிலையாக்கி, கையில் விளக்குமாறும் கொடுத்திருப்பார்.

"அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றாள். "சந்தேகத்தை எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

அந்தச் சொல்லில் எனக்கு மாசி மாதத்துக் கிராதியடி மாதிரி காலடியில் இருந்து சூடு ஏறியது. பின்னால் வருகிற காலம் முழுக்க நான் எதைச் சொல்லலாம், ஆருக்குச் சொல்லலாம் என்று ஒருத்தி தீர்த்துவைத்த மாதிரி.

இரண்டரை மணிக்குச் சாப்பிடப் போனோம். கோயில் இல்லை, துறைமுகம் இல்லை, மெழுகுதிரி இல்லை, சப்பாத்தெல்லாம் சேறு. அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்து, "நாசமாய்ப் போவானே" என்று தொடங்கினாள். வெளியே தகப்பன் கோவாவை மேசையில் வைத்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டு, "பிள்ளை, திருவிழா முடிஞ்சு நாளைக்கும் வரலாமோ? ஆணி மியூசியம் இன்னும் பார்க்கேல்லை" என்று கேட்பது கேட்டது. அக்காவுக்கு அகப்பை கையிலேயே நின்றது.

அன்று பின்னேரம் அவர்களை இறக்கிவிட்டு வரும்போது நான் இரும்பூராரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, குளம் ஆத்துக்கு அங்காலையெல்லோ?"

அவர் றோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். அப்படி அவர் ஓட்டி நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

"தம்பி, எட்டு மாசம் இருந்த மனிசன். அந்தாளுக்கு ஒரு குளமாவது வேண்டாமே?"

பிறகு, "கண்ணாடியை இறக்கு, இந்தத் தெருவிலை பிஸ்கற் மணக்கும்" என்றார்.

அடுத்த சித்திரையில் டொரொண்டோவில் ஒரு மண்டபத்தில் கலியாணம். இரும்பூரார் மொன்ட்ரியாலிலிருந்து அந்தச் சாம்பல் வானிலேயே வந்தார். வழியில் ஒரு சிமெந்து ஆலையைப் பார்த்ததில் பூசைக்குப் பிந்திவிட்டார். சாப்பாட்டு நேரம் என் மாமனார் கோட்டும் சூட்டுமாக, சுற்றிவரப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு நின்றார். நானும் மனைவியும் மாலையோடு பக்கத்து மேசையில்.

"அந்த ஊரிலை எங்கட வீட்டுக்குப் பின்னாலை ஒரு குளம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் மாமனார். "மாரியிலையும் சுடுதண்ணி. பார்க்க ஆசையாய் இருக்கும். ஒருநாள் பொறுக்கேலாமல் களவாய் இறங்கினன். இந்தா, இவ்வளவு தண்ணி." நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். "பக்கத்திலை தாரா."

யாரோ நம்பாமல் சிரித்தார்கள். "விடுங்கோ அண்ணை, நீங்களாவது இறங்கிறதாவது!"

மாமனாரின் கை நெஞ்சிலேயே நின்றது. அவர் தேடினார். கூட்டத்துக்குப் பின்னால், கையில் ரோல்ஸ் தட்டோடு நின்ற இரும்பூராரைக் கண்டார். என் மனைவி மேசைக்குக் கீழே என் விரலைப் பிடித்தாள்.

இரும்பூரார் வாயில் இருந்ததை விழுங்கினார்.

"உண்மைதான்" என்றார், மிகவும் பொறுப்பாக. "நான்தான் கரையிலை நிண்டு ஐயாவின்ர உடுப்பைப் பிடிச்சனான்."